தடியின் நடுவுக்கு ஒரு விலை: மிசூரியில் சிலிப்பர் கட்டை அறுக்கும் அனுபவம்

அமெரிக்காவில் தண்டவாளத்துக்கு அடியில் இன்னமும் மரக்கட்டைதான் கிடக்கிறது என்றால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம் பக்கம் சிலிப்பர் கட்டை போய் கான்கிரீட் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இங்கே பத்தில் ஒன்பதுக்கும் மேல் மரம்தான். ஒரு மைல் பாதைக்கு ஏறக்குறைய 3,250 கட்டைகள். பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவதற்கு மட்டும் வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் வேண்டியிருக்கிறது.

இவற்றை அறுப்பதில் பெரும்பங்கு மிசூரி, ஆர்கன்சா, கென்டக்கி மாதிரி மாநிலங்களில் காட்டோரமாக இருக்கும் சின்ன மில்கள். நாலு பேர், ஐந்து பேர் வேலை செய்வார்கள், பாதிப் பேர் ஒரே குடும்பமாக இருப்பார்கள். அப்படி ஒரு மில்லில்தான் நான் கணக்கும் விற்பனையும் பார்க்கிறேன், ஆள் வராத நாளில் ஃபோர்க்லிஃப்டும் ஓட்டுகிறேன். ரோலாவில் படிக்க வந்து, இங்கேயே கல்யாணம் முடிந்து, மாமனாருடைய மில்லுக்குள் வந்து சேர்ந்தவள். மிசூரியின் தெற்கில் ஓசார்க் மலைப்பகுதி. பக்கத்து டவுன் பெயர் சேலம், நிஜமாகவே.

மரம் எனக்குப் புதிதில்லை. பிறந்தது செங்கோட்டையில், மரவாடி வைத்திருந்த குடும்பத்தில். தேக்கும் வேங்கையும் அறுத்துப் பழகிய அப்பாவுக்கு இங்கே நாங்கள் விற்பது என்ன என்று விளக்கியபோது போனில் ஒரே சிரிப்பு. "ஏளா, நடு நெஞ்சைப் போயி எவன் காசு குடுத்து வாங்குவான்? ஒரு நிலைக்கு அறுத்தாக்கூட நாம அதை ஒதுக்கித்தானே அறுப்போம்?" என்றார். அவர் சொன்னது சரிதான். நடு மையம் உள்ளே இருக்கும் மரம் காயும்போது வெடிக்கும், முறுக்கும். கதவு நிலைக்கும் மேசைக்கும் ஆகாது. ஆனால் இந்தத் தொழிலே அந்த ஒதுக்குப் பகுதியின் மேல்தான் நிற்கிறது.

ஒரு ஓக் தடியில் காசுள்ள மரம் வெளிச்சுற்றில் இருக்கிறது. கணு குறைவு, இழை நேர், பலகை சுத்தமாக வரும். ஃபர்னிச்சர்காரரும் தரைப் பலகைக்காரரும் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே போகப் போகக் கணு கூடும். கடைசியில் நடு மையத்தைச் சுற்றி ஒரு கட்டை மிஞ்சும். அதைப் பலகையாக்கினால் அடிமாட்டு விலை. அப்படியே கட்டையாக விட்டால் ரயில்காரன் வாங்கிக்கொள்கிறான். நடு மையம் கட்டைக்குள் பெட்டி வைத்த மாதிரி அடங்கியிருப்பதால் மேலே கீறல் விழுந்தாலும் கட்டை பிளந்து போய்விடாது, சுமை தாங்கும். ஆகவே எங்கள் கணக்கில் சிலிப்பர் என்பது தடியின் நடுவுக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச உத்தரவாத விலை. லாபம் பெரும்பாலும் வெளியில் எடுக்கும் பலகையில்தான் இருக்கிறது. எங்கே பலகையை நிறுத்திக் கட்டையை விடுவது என்று தெரிந்த மில் பிழைக்கும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். முதல் ரகம் 7 அங்குலத்துக்கு 9 அங்குலம், நீளம் எட்டரை அடி. அடுத்தது 6-க்கு 8, அதே நீளம். இங்கே மரத்தைப் போர்டு அடியில் கணக்கிடுகிறார்கள். ஓர் அடி அகலம், ஓர் அடி நீளம், ஓர் அங்குலக் கனம் ஒரு போர்டு அடி. பன்னிரண்டு சேர்ந்தால் நம் கன அடி. பெரிய கட்டையில் 44.6 போர்டு அடி இருக்கிறது, சின்னதில் 34. பச்சை ஓக்கில் பெரிய கட்டை ஒன்று நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். லாரியும் சரக்குமாகச் சேர்த்து 80,000 பவுண்டுதான் இருக்கலாம் என்பது சட்டம் என்பதால் ஒரு லோடுக்கு ஏறத்தாழ 200 கட்டை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் எடை மேடையில் அபராதம்.

தடி வாங்கும் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பக்கம் டாயில் ஸ்கேல் என்ற பழைய சூத்திரம்தான் நடைமுறை. தடியின் சிறு முனையில் பட்டை நீக்கிய விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதில் 4 கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி 16-ஆல் வகுக்க வேண்டும். 12 அங்குலத் தடி, எட்டரை அடி நீளம் என்றால் 34 போர்டு அடி என்று வரும். ஆனால் 7-க்கு 9 கட்டையின் மூலைவிட்டம் 11.4 அங்குலம்தான். அதாவது அந்த 12 அங்குலத் தடிக்குள் முழுக் கட்டை அடங்கிவிடும். 34-க்குக் காசு கொடுத்து 44-ஐ விற்கிறோம். சின்னத் தடிகளுக்கு இந்த சூத்திரம் அளவுக்கு மீறி வெட்டிவிடுகிறது, பெரிய தடிக்குப் போகப் போக வித்தியாசம் குறைந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு ஆஹா என்று குதிக்க வேண்டாம். மரம் வெட்டி விற்பவர்களுக்கும் இது தெரியும், அதற்கேற்றபடிதான் விலை பேசுவார்கள். எடைக்கு விற்பவர்களும் உண்டு. தவிர, சின்னத் தடியை ஏற்றி, உருட்டி, பிடித்து, நாலு பக்கமும் சீவ ஆகும் நேரம் பெரிய தடிக்கு ஆவதில் இருந்து அதிகம் குறையாது. 12 அங்குலத் தடியில் கட்டை மட்டும்தான் கிடைக்கும், பலகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறாது. 14 அங்குலத் தடியானால் கட்டையும் வரும், கூடவே மெல்லிய நாடா மாதிரி ஓடும் பேண்ட் ரம்பத்தில் இருபத்தைந்து முப்பது போர்டு அடிப் பலகையும் வரும். எங்களுக்குப் பிடித்த சைஸ் 14, 15 தான்.

பலகையை எங்கே நிறுத்துவது? மாமனார் வைத்திருக்கும் விதி எளிமையானது. ஒவ்வொரு பலகை இறங்கியதும் திறந்த முகத்தைப் பார். சுத்தமாக இருந்தால் இன்னொன்று எடு. கணு தெரிந்தால் தடியைத் திருப்பி அடுத்த பக்கம் போ. நாலு பக்கமும் கணு காட்டினால் நிறுத்து, கட்டை அளவுக்குக் கொண்டுவந்து இறக்கு. கணு விழுந்த பலகைக்கு ஒரு போர்டு அடிக்கு என்ன கிடைக்கிறது, கட்டையில் ஒரு போர்டு அடிக்கு என்ன கிடைக்கிறது என்று நான் மாதாமாதம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். உதாரணத்துக்கு ஒரு கட்டை 36 டாலர் என்றால் போர்டு அடிக்கு 80 சென்ட். அதைவிடக் குறைந்த பலகையை எடுக்க ரம்பத்தை ஓட்டுவது டீசலுக்குச் செய்யும் தர்மம்.

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, ஏழைத் தேய்த்து ஆறாக்கினால் ஒரு பலகை கூடக் கிடைக்குமே என்பது. கிடைக்காது. பச்சையில் ஓர் அங்குலப் பலகையை ஒன்றே அரைக்கால், அதாவது ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் கனமாக அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்தபின் அளவு நிற்காது. ரம்பம் தின்பது மெல்லிய பேண்டிலேயே எட்டில் ஒரு பங்கு, வட்ட ரம்பத்தில் கால் அங்குலம். ஏழுக்கும் ஆறுக்கும் இடையே இருப்பது ஒரே அங்குலம். அதில் பலகை எங்கிருந்து வரும்? தூளும் ரீப்பரும்தான் வரும், கட்டையின் ரகமும் இறங்கிவிடும். 6-க்கு 8 என்பது தடி சிறுத்ததாலோ மூலையில் குறை இருந்ததாலோ வந்து சேர வேண்டியது. வேண்டுமென்று போய்ச் சேரும் இடமில்லை.

அளவில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. ஏழுக்கு ஒரு நூல் குறைந்தால் கட்டை வாங்கும் யார்டில் ரகம் குறைப்பார்கள். எட்டில் ஒரு பங்கு கூட விட்டால் கட்டைக்குக் கட்டை மரத்தை இனாமாகக் கொடுக்கிறோம்.

வெள்ளை ஓக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நல்ல வெள்ளை ஓக் தடிக்குப் பீப்பாய்க்காரர்கள் கொடுக்கும் விலையை ரயில் ஒருநாளும் கொடுக்காது. 1912-இல் தொடங்கிய இண்டிபெண்டன்ட் ஸ்டேவ் என்ற பெரிய பீப்பாய்க் கம்பெனியே மிசூரியின் லெபனான் என்ற ஊரில் இருக்கிறது. கணு இல்லாத வெள்ளை ஓக் அடித்தடி மில்லுக்கு வந்தால் அதை ஒதுக்கி வைத்து அப்படியே தடியாகவே விற்றுவிடுவோம். சிலிப்பருக்குச் சிவப்பு ஓக் வகைகள்தான் தோது. கருப்பு ஓக், ஸ்கார்லெட் ஓக் எல்லாம் அந்த ரகத்தில் சேர்ந்தவை. சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையை நீரில் வைத்து மறு முனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் துளைகள் அடைபட்டிருப்பதால் அப்படி வராது. பீப்பாய் ஒழுகாததற்கும், கட்டை உளுத்துப் போகாமல் இருக்க ஏற்றும் கிரியோசோட் எண்ணெய் சிவப்பு ஓக்கில் சுலபமாக ஏறுவதற்கும் காரணம் இந்தத் துளைதான்.

ஓக் தவிர ஹிக்கரி, மேப்பிள், கம் என்று பலதும் 'கலப்பு ஹார்ட்வுட்' என்ற தலைப்பில் எடுப்பார்கள். காட்டன்வுட், வில்லோ மாதிரி மென்மையானவற்றை எடுப்பதில்லை. ஓக்கையும் கலப்பையும் ஒரே கட்டில் கலந்து அனுப்பக் கூடாது, அவை காயும் வேகம் வேறு.

சரி, யார்டு. நாங்கள் நேராக ரயில்வேக்கு விற்பதில்லை. இடையில் கட்டைகளைச் சேர்க்கும் யார்டு இருக்கிறது. அங்கிருந்து எண்ணெய் ஏற்றும் ஆலைக்குப் போகும். கோப்பர்ஸ், ஸ்டெல்லா-ஜோன்ஸ் போன்ற கம்பெனிகள் இந்த ஆலைகளை நடத்துகின்றன. முனை வெடிக்காமல் இருக்கப் பல் வைத்த இரும்புத் தகடு அடித்து, ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம் வரை காயவைத்து, அதன் பிறகு அழுத்தத்தில் கிரியோசோட் ஏற்றுவார்கள்.

யார்டு இன்ஸ்பெக்டர் ஒரு கட்டையைப் பார்ப்பது சில நொடிதான். அந்தச் சில நொடியில் அவர் கண் போகும் இடம் எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கட்டையின் நடுவில் இருந்து இரு பக்கமும் 20 அங்குலத்தில் ஆரம்பித்து 40 அங்குலம் வரை உள்ள பகுதிதான் தண்டவாளம் உட்காரும் இடம். அங்கே குறை இருந்தால் மன்னிப்பில்லை. அதற்கு வெளியே கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

அதிகம் அடிவாங்குவது மூலைக் குறையில். தடி சிறுத்திருந்தால் சதுரமாக வர வேண்டிய விளிம்பில் மரத்தின் உருட்டு அப்படியே நிற்கும். தண்டவாளம் உட்காரும் இடத்தில், மேல் முகத்தில் ஓர் அங்குலம் வரைதான் எங்கள் யார்டு பொறுத்துக்கொள்கிறது. எனவே வளைந்த தடியை ரம்ப வண்டியில் ஏற்றும்போதே மூலைக் குறை கட்டையின் கோடியிலோ நட்ட நடுவிலோ விழும்படி உருட்டி நிறுத்த வேண்டும். ரம்பம் ஓட்டுகிறவரின் திறமை இங்கேதான் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு தடியை மூன்று தடவை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியை இறக்குவார். வேகமாக அறுக்கிறவர்கள் சிரிப்பார்கள், லோடு இறங்கும்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அடுத்தது வெட்டு முனையில் தெரியும் வளையப் பிளவு. ஆண்டு வளையத்தோடு ஒட்டி அரைவட்டமாக விலகியிருக்கும். எங்கள் பக்கத்துக் கருப்பு ஓக்கில் இது நிறைய. நம் மில்லின் தடி யார்டிலேயே முனையைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். அறுத்த பிறகு கண்டுபிடித்தால் கூலி போனதுதான். உளுப்பு, முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும் கணு, குறுக்கே ஓடும் இழை, ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை எல்லாமே கழிவுக்குக் காரணம். பட்டை விஷயம் அற்பமாகத் தோன்றும். ஆனால் பட்டைக்கு அடியில்தான் ஈரமும் பூச்சியும் தங்கும், எண்ணெயும் ஏறாது. நீளம் ஓர் அங்குலத்துக்குள் முன்பின் இருக்கலாம். தடியைக் காட்டிலேயே எட்டடி எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்லிவிடுவோம்.

இதையெல்லாம் யார்டில் போய்த் தெரிந்துகொள்வதைவிட நம் மில்லிலேயே தெரிந்துகொள்வது மலிவு. கட்டை இறங்கியதும் நாங்களே ரகம் பிரித்து, முனையில் சாயம் பூசி, ஏழு தனி ஆறு தனி என்று கட்டிவிடுவோம். இன்ஸ்பெக்டர் நம் ரகப்பிரிப்பை இரண்டு மூன்று லோடு பார்த்து நம்பிக்கை வைத்துவிட்டால் சந்தேகக் கட்டைகள் பாதி நம் பக்கம் விழும். எங்கள் யார்டில் இருந்த பழைய இன்ஸ்பெக்டர் ஒருமுறை என்னிடம், "அம்மா, நீங்கள் ஒதுக்கி வைத்ததைப் பார்த்துத்தான் நீங்கள் அனுப்பியதை நம்பினேன்" என்றார்.

வேலியோரத்து மரம் வாங்குவதே இல்லை. மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ அடித்த முள்கம்பி மரத்துக்குள் மறைந்திருக்கும். முனையில் நீலக்கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், ஓக்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். கறை தெரியாமலும் இரும்பு இருக்கும். மெட்டல் டிடெக்டர் காட்டித் தரும், எல்லா நேரமும் இல்லை.

வெயில் காலத்தில் கட்டையைக் குவித்து வைக்கக் கூடாது. பச்சைக் கட்டை நெருக்கமாக அடுக்கிக் கிடந்தால் உள்ளுக்குள் பூஞ்சை ஓடிவிடும். ஹிக்கரி, கம் இரண்டும் சீக்கிரம் கெடும், ஓக் கொஞ்சம் தாங்கும். அறுத்த ஒரு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் யார்டின் விதி, நியாயமானதுதான். குளிர்காலக் கடைசியில் இருந்து வசந்தம் வரை பிரச்சினை தலைகீழ். மழையில் காட்டுப்பாதை சேறாகி மரம் இறக்கும் வண்டி நின்றுவிடும், தடியே வராது. ஆகவே இலையுதிர் காலத்தில் கடன் வாங்கியாவது தடியைக் குவிக்கிறோம், கோடையில் தடி யார்டைக் காலியாக வைக்கிறோம்.

சந்தை எங்கள் கையில் இல்லை. ரயில்வேக்கள் வருடா வருடம் பட்ஜெட் போட்டு வாங்குகின்றன, ஆனால் கட்டை கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிப்பது பெரும்பாலும் பலகை விலை. 2018-இல் சீனா அமெரிக்க ஹார்ட்வுட்டுக்கு வரி போட்டபோது சிவப்பு ஓக் பலகை விலை விழுந்தது. அப்போது மில்கள் கட்டைப் பக்கம் சாய்ந்தன, கட்டை மலிந்தால் யார்டு விலையைக் குறைக்கும். பலகை விலை ஏறினால் இது அப்படியே திரும்பும். குழாய்ப் பாதை வேலைகளில் கிரேன் நிற்பதற்குப் போடும் மரப் பாய்களுக்கும் இதே நடுக்கட்டைதான் வேண்டும், அவர்கள் வாங்க வந்தால் விலை சட்டென்று ஏறும். அதற்காக யார்டைக் கைவிட்டு அவர்கள் பின்னால் ஓடிய மில்கள், பாய் வேலை நின்றதும் வரிசையில் கடைசியில் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் மாதத்துக்கு இத்தனை லோடு என்று யார்டுக்குச் சொன்னதை, விலை இறங்கிய மாதத்திலும் அனுப்பிவிடுவோம். யார்டு 'இனி கொஞ்ச நாள் வேண்டாம்' என்று சொல்லும் காலம் வரும், அப்போது யாருடையதை எடுப்பார்கள் என்பது இதில் இருக்கிறது.

ஓசார்க்கின் காடே ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1900-ஐ ஒட்டி இங்கே பைன் மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தார்கள், கிராண்டின் என்ற ஊரில் நாட்டின் பெரிய மில்களில் ஒன்று ஓடியது. பைன் போன இடத்தில் ஓக் எழுந்து நின்றது. அந்தக் காலத்தில் ஓக்கை ஏழை விவசாயிகள் அகலக் கோடரியால் செதுக்கிச் சிலிப்பர் ஆக்கினார்கள். தெப்பமாகக் கட்டி பிக் பைனியிலும் கேஸ்கனேடு ஆற்றிலும் மிதக்கவிட்டு ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். மாமனாரின் கொட்டகைச் சுவரில் அந்தக் கோடரி ஒன்று இன்னும் மாட்டியிருக்கிறது. எடுத்து வீசிப் பார்த்தேன், கை வலித்ததுதான் மிச்சம்.

மிச்சமாவதும் காசுதான். தூளை மாட்டுக் கொட்டகைக்கும் கரி ஆலைக்கும் வாங்கிக்கொள்கிறார்கள், மிசூரியில் அடுப்புக்கரித் தொழில் பெரிசு. பட்டை தோட்டத்துக்குப் போகிறது. கழித்த கட்டைகளை விவசாயிகள் வாய்க்கால் பாலத்துக்கு எடுப்பார்கள். எண்ணெய் ஏற்றாத ஓக் மண்ணுக்குள் சில வருடம்தான் தாங்கும் என்பதைச் சொல்லியே விற்கிறோம். இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் கத்தரி, வெண்டை பாத்திக்கு வரப்பு போடப் பழைய ரயில் கட்டை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கிரியோசோட்டை வீட்டுத் தோட்டத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதிப்பதில்லை. எண்ணெய் ஏற்றாத கழிவுக் கட்டை தருகிறேன், நாலு வருடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் பத்து ஏக்கர் காடும் ஒரு பேண்ட் மில்லும் இருந்தால் இதில் இறங்கலாமா என்றும் கேட்கிறார்கள். ரம்பத்தை வாங்கும் முன் யார்டுக்குப் போன் செய்யுங்கள். அவர்களுடைய அளவுத்தாளும் விலைத்தாளும் இல்லாமல் தடி வாங்காதீர்கள், காசு எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் கொண்டுவருபவர் அந்த வாரமே கேட்பார், யார்டு அதற்குப் பிறகுதான் கொடுக்கும். இரண்டு லோடுக்கான பணம் எப்போதும் நடுவில் மாட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். யார்டு எத்தனை மைல் என்று பாருங்கள். தொலைவில் இருந்தால் லாரி வாடகை பலகையில் வந்ததையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்படியானால் நடுக்கட்டையைச் சரக்கு அடுக்கும் மரத்தட்டு செய்யும் பேலட்காரருக்கான அளவில் அறுத்து உள்ளூரிலேயே கொடுத்துவிடுவது மேல்.